சின்ன நுமாயிஷ் மைதானத்தில் உன் கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை, யாரென்றே தெரியாத ஒரு பையனின் கல்யாணத்தில் நான் அவனுக்கு அத்தையாக இருந்தேன். மேடை ஏறி அட்சதை போட்டேன். போட்டோவுக்கு நின்றேன். மணப்பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், நானும் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தேன். பிறகு கீழே வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். உங்கப்பாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தவளின் கையில் தேங்காய் மூடிக்குப் பதிலாகப் பளபளவென்று ஒரு பை இருப்பதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில்ல ஸ்டீல் டப்பா குடுக்கறாங்க? சொல்லு, நாளைக்கு நானும் வரேன்" என்றார். அந்தக் கல்யாண வீடியோ எங்காவது சுற்றி உன் நண்பன் எவன் போனிலாவது வந்து, "ஆண்ட்டி இங்கே என்ன பண்றாங்க" என்று அவன் உன்னைக் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன் என்று இருக்கட்டும்.

அது நடந்த இடம் எது தெரியுமா? பட்டான்செரு தாண்டி அரைமணி நேரத்தில் வருகிற உன் வருங்கால மாமனாரின் ஊரில், என் உயிர் உள்ளவரை அந்த கேட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி நான் சபதம் போட்டிருந்த அதே ஃபங்ஷன் ஹால். உன் கல்யாணத்துக்கு அவர் ஆசை ஆசையாகப் பார்த்து வைத்திருக்கிற அதே ஹால். நீ போனில் என்ன சொன்னாய்? "மம்மீ, எஸ் ஆர் நோ, அது மட்டும் சொல்லு. ஃப்ரைடேக்குள்ள புக் பண்ணணும். நீ நோ சொன்னா வேற ஹால் பாக்கறோம். கானி ஸ்ரவந்தி ஏடுஸ்துந்தி." நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் அழுவாள் என்பதற்குக்கூட உனக்குத் தமிழில் ஒரு சொல் வரவில்லை. போகட்டும். ஒரே சொல்லில் பதில் கேட்கிறாய். எனக்கு எதையும் ஒரே சொல்லில் சொல்ல வராது என்பது உன் எல்கேஜி மிஸ்ஸுக்கே தெரிந்த விஷயம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் உனக்குக் கேட்டால் புரியும், படிக்க வராது. ஆகவே உங்கப்பாதான் இதை உனக்கு வாசித்துக் காட்டப் போகிறார். ஏங்க, உங்களைத்தான் சொல்கிறேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு பாராவைத் தாண்டினால்கூட எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

பதில் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். வெளியிலிருந்து பார்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் கேட்டில் நின்று எட்டிப் பார்க்கிறவள் மேல் ஒரு பெண் பன்னீர் தெளித்துவிட்டாள். பன்னீர் தெளித்த பிறகு திரும்பிப் போவது மரியாதையா? உள்ளே போனேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் வழிமறித்து, மாப்பிள்ளை பக்கமா பெண் பக்கமா என்று தெலுங்கில் கேட்டாள். மாப்பிள்ளை பக்கம் என்றேன். என்ன உறவு என்றாள். அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்த ஒரே தெலுங்கு உறவுமுறை "மேனத்த". அத்தை என்று அர்த்தம். அவ்வளவுதான், அந்த அம்மாளின் முகத்தில் சூரியன் உதித்தது. நிஜமான அத்தை எங்கேயோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாளாம், அத்தை செய்ய வேண்டிய ஏதோ ஒரு சடங்குக்காக மேடையில் எல்லோரும் காத்திருக்கிறார்களாம். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இதற்கு மேல் நடந்ததை முதல் பாராவிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பையன் பாவம், என்னை அடையாளம் தெரியாமல் விழித்தான். ஆனால் பெரியவர்கள் முன்னால் "நீங்கள் யார்" என்று கேட்பது மரியாதையில்லை என்று வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்பு.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ஹால் வருவதற்கு முன் அங்கே இருந்த கண்காட்சி மைதானத்தைத் தேடினேன். மாடுகள் கட்டிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. விதைக்கடைகள் இருந்த பக்கத்தில், ரோஜாப்பூ வைத்த ஒரு வளையத்துக்குள் நின்று எல்லோரும் தங்களைத் தாங்களே போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். காய்கறி மதிப்பிடுகிற கொட்டகை இருந்த இடம் இப்போது கைகழுவுகிற இடம். நான் கைகழுவிக்கொண்டே அங்கே நின்று கொஞ்ச நேரம் அழுதேன் என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஹாலுக்கு என்ன பெயர் தெரியுமா, ஏதோ ஒரு கார்டன்ஸ். இந்த ஊரில் எந்த ஃபங்ஷன் ஹாலைப் பார்த்தாலும் கார்டன்ஸ். உள்ளே ஒரு செடி கிடையாது. காலுக்குக் கீழே புல் மாதிரி ஒன்று இருக்கிறதே என்று செருப்பைக் கழற்றிக் கால் வைத்தேன். பிளாஸ்டிக். காளை நடந்த நிலத்தின் மேல் பிளாஸ்டிக் புல்லை விரித்து அதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்பார் இல்லை. இலையில் புடலங்காய்க் கூட்டு வைத்தார்கள். அதுவும் இப்போது வருகிற குட்டைப் புடலங்காய், வெண்டைக்காய்க்கு அண்ணன் மாதிரி ஒரு முழம்கூட இல்லாதது. அந்த மண்ணில், அந்த இடத்தில், குட்டைப் புடலங்காய். பரிமாறிய பையனிடம் "இது எங்கே வாங்கினது" என்று கேட்டேன். "அம்மா, இன்கா கொஞ்சம் வேயனா" என்று கரண்டியோடு குனிந்தான். வை என்றேன். கோபம் வேறு, பசி வேறு.

அந்த மைதானத்தின் கதையை உன் மாமனார் உனக்குச் சொல்லியிருந்தால் அது அலுவலகக் கதையாக இருக்கும். நான் கேட்டது பெண்கள் சொன்ன கதை. நிஜாம் காலத்தில் அந்த ஊர் ஜமீன்தாரான தொரை ஒருவரிடம் ஒரு காளை இருந்ததாம். அது ஒருநாள் அந்தப் பொட்டலில் போய்ப் படுத்துக்கொண்டதாம், எழுந்திருக்கவே இல்லையாம். தொரை தினமும் அதைப் பார்க்கப் போனாராம். என் காளை படுத்த நிலத்தில் யாரும் ஏர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இது ஆண்கள் சொல்வது. பெண்கள் சொல்வது வேறு. பொட்டலுக்கு எதிரே ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு அம்மாள். தினமும் அந்தப் பக்கம் போவதற்குத் தொரைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதனால் காளையைக் கொண்டுபோய் அங்கே கட்டிப் படுக்க வைத்தார்கள். தொரை அங்கேயே நிற்கிறாரே என்று ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு மாட்டை ஓட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார்கள். சங்கடத்தில் மாட்டிக்கொண்ட தொரை, யார் மாடு நல்ல மாடு என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். சொல்லிவிட்டாரே, பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்துவிட்டு ஒருவனுக்குத் தலைப்பாகைத் துணியும் கொடுத்தாராம். அடுத்த வருஷம் சங்கராந்தி கழிந்ததும் ஊரே மாட்டோடு வந்து நின்றது. இப்படித்தான் அந்தக் கண்காட்சி பிறந்தது. ஒரு பெரிய மனிதரின் பொய்யை ஊர் முழுக்க நம்பியதால் பிறந்தது. நான் இரண்டாவது கதையைத்தான் நம்புகிறேன். காளைகளுக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது.

தொரை போனார், நிஜாம் போனார், கண்காட்சி மட்டும் போகவில்லை. மாட்டோடு ஏர் வந்தது, ஏரோடு விதை வந்தது, மிளகாய் மூட்டை, மஞ்சள் கிழங்கு, எருதுகள் பாறாங்கல் இழுக்கிற போட்டி, பம்ப்செட், டிராக்டர், ராட்டினம், மிர்ச்சி பஜ்ஜி. ஹைதராபாத்தில் நடக்கிற நுமாயிஷ் என்கிற பெரிய கண்காட்சிக்கு வருஷா வருஷம் போக வசதியில்லாத சுற்றுவட்டார ஜனங்கள் இதைச் சின்ன நுமாயிஷ் என்பார்கள். அதில் காய்கறிக்கு என்று ஒரு நீளக் கொட்டகை உண்டு. கத்தரிக்காய்க்கு ஒரு வரிசை, தக்காளிக்கு ஒரு வரிசை, புடலங்காய்க்கு ஒரு வரிசை. பட்டணத்துக்காரர்களும் கொண்டு வரலாம், கிராமத்துக்காரர்களுக்குச் சிரிக்க யாராவது வேண்டுமே. சைனிக்புரியிலிருந்து ஒரு ரிட்டயர்டு கர்னல் காலிஃபிளவர் கொண்டு வருவார், பக்கத்திலேயே அட்டென்ஷனில் நிற்பார். தார்நாகாவிலிருந்து ஒரு விஞ்ஞானி ஒருமுறை தக்காளி கொண்டுவந்தார். மண் எப்படி, நீர் எப்படி என்று பின்னால் பெரிய படம் வேறு. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அடுத்த கொட்டகை ஆடு ஒன்று தக்காளியையும் தின்று படத்தையும் பாதி தின்றுவிட்டது. ஆட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆட்டு வரிசையில்தான், ஆனாலும் அவர் மறுபடி வரவில்லை.

நாம் அப்போது செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். உங்கப்பாவுக்கு ஒர்க்‌ஷாப் வேலை. நம் ஆட்கள் அரக்கோணத்திலிருந்து ரயிலோடு ரயிலாக இங்கே வந்தவர்கள், பின்கட்டில் நாலடி மண் இருந்தால் அதில் பந்தல் போடாமல் தூங்க மாட்டார்கள். உங்கப்பாவோடு வேலை செய்த ஒருவர் அந்த ஊர்க்காரர். நம் வீட்டுப் புடலங்காயைப் பார்த்துவிட்டு, இதை எங்கள் ஊருக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லித் தொலைத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் நூல் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கனத்துக் கல், எப்போது மாற்றுவது என்பதில்தான் மானம் இருக்கிறது. கல் கனத்தால் காய் இற்று விழும். லேசானால் வளையும். ரயில் தண்டவாளத்து ஜல்லியில்தான் எனக்கு வேண்டிய எடைகள் எல்லாம் கிடைத்தன. உங்கப்பா அதை மடியில் கட்டிக் கொண்டு வருவார், ரயில்வேயிடமிருந்து நம் குடும்பம் எடுத்துக்கொண்ட ஒரே லஞ்சம் அது. ஏங்க, இதையும் வாசியுங்கள்.

முதல் வருஷம் காயைக் கொண்டுபோன கதையை நீ எத்தனை தடவை கேட்டாலும் இன்னொரு தடவை கேட்கலாம். என் உயரத்துக்கு மேல் நீளம். வளையாமல் வாடாமல் போய்ச் சேர வேண்டும். ஈர வேட்டியில் சுற்றி, மூங்கில் கழியில் வைத்துக் கட்டி, முன்னால் உங்கப்பா, பின்னால் நான். பஸ்ஸில் எப்படியோ கீழே கிடத்திப் பட்டான்செரு வந்துவிட்டோம். அங்கே மருந்துக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்த ஆட்கள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வழிவிட்டார். உங்கப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்காரர்கள் என்று நினைத்து எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டே வருகிறார். ஆட்டோக்காரர் மட்டும் இரண்டு கையையும் தூக்கி, "நக்கோ அம்மா, மய்யத் நக்கோ. போணி நேரம்" என்றார். பிணத்தை ஏற்ற மாட்டாராம். நான் வேட்டியின் ஒரு முனையைப் பிரித்துக் காட்டினேன். வரிவரியாக, வெளிர் பச்சையில், நுனி மெலிந்து ஒன்று எட்டிப் பார்த்ததும் அவர் பாம்பு என்று ஆட்டோவை விட்டே குதித்துவிட்டார். பிறகு உண்மை தெரிந்து சிரித்த சிரிப்பில், அந்த ஷிஃப்ட் ஆட்கள் நாலுபேர் எங்களோடு மைதானம்வரை வந்து, தூங்கப் போகாமல் முடிவு தெரியும்வரை நின்றார்கள். மூன்றாம் பரிசு. மூன்றாம் பரிசுக்கு அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் உன் டிகிரிக்குக்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு வருஷம் நீ செய்த காரியம் நினைவிருக்கிறதா? உனக்குச் சின்ன வயது. காய்க்குக் கழுத்து வலிக்கும் என்று யாருக்கும் தெரியாமல் அத்தனை கல்லையும் அவிழ்த்துவிட்டாய். நான் கவனிப்பதற்குள் எல்லாம் ஜிலேபி. நான் உன்னைத் திட்டிய திட்டில் குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்துவிட்டது. உங்கப்பா, பரவாயில்லை கொண்டுபோய்த்தான் பார்ப்போமே என்று, இருந்ததிலேயே கோணலான ஒன்றை உன் பெயரில் வைத்தார். அங்கே விசித்திரக் காய் என்று ஒரு மூலை உண்டு, விநாயகர் மாதிரி கத்தரிக்காய், மூக்கு வைத்த உருளைக்கிழங்கு எல்லாம் வரும். உன் ஜிலேபிக்கு முதல் பரிசு. ஒரு தாய், வருஷம் முழுக்கக் கல் மாற்றிக் கல் மாற்றி நேராக்கியவளுக்கு வாழ்நாளில் கிடைக்காத முதல் பரிசு, கல்லை அவிழ்த்தவனுக்குக் கிடைத்தது. இந்த இடத்தில் மற்ற அம்மாக்களாக இருந்தால் கல்யாண வாழ்க்கையும் இப்படித்தான், கல் கட்டினால் நேராகும், அன்பு காட்டினால் வளையும் என்று ஏதாவது எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். கல் கல்தான், நீ செய்தது அநியாயம்தான்.

அந்தப் பரிசைக் கொடுத்தவர் யார்? கழுத்தில் டெய்லர் மாதிரி டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய மீசையோடு, விவசாய ஆபீசிலிருந்து காய்கறி மதிப்பிட வருவாரே, அவர்தான். நீ ஆபீசில் யாரையோ காதலிக்கிறேன் என்றபோது நான் என்ன கண்டேன்? பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தபோதுதான், மீசை நரைத்திருந்தாலும் யாரென்று தெரிந்தது. அவரும் என்னையே பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மீரு... பொட்லகாய அம்மா கதா?" என்றார். புடலங்காய் அம்மா. உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே பட்டம் அது, கொடுத்தது உன் மாமனார். எத்தனையோ வருஷம் அந்த மனிதர் என் காயை அளந்திருக்கிறார். மூன்றாவது கொடுத்திருக்கிறார், இரண்டாவது கொடுத்திருக்கிறார், முதலாவது மட்டும் கொடுத்ததில்லை. ஸ்ரவந்தி நல்ல பெண், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தன் தாயைப் போல இருக்கிறாள், அது போதும்.

ஆனால் மைதான விஷயத்தை எப்படி விடுவது? உயிரோடு, துள்ளிக்கொண்டிருந்த ஒரு கண்காட்சியை அவர்கள் எப்படி முடித்தார்கள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே நாளில் முடிக்கவில்லை. ஒரு வருஷம், மழை இல்லை, இந்த வருஷம் மட்டும் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் நடந்தது. அதற்கடுத்த வருஷம் தேர்தல், இந்த வருஷம் மட்டும் வேண்டாம். மறுபடி ஒரு தடவை நடந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டு வேலை, மைதானத்தில் ஜல்லி கொட்ட வேண்டியிருக்கிறது, இந்த வருஷம் மட்டும். அந்த ஜல்லியை எடுக்கவே இல்லை. அதற்குள் சுற்றியிருந்த நிலமெல்லாம் ரியல் எஸ்டேட் வெஞ்சர் ஆகிவிட்டது. நேற்றுவரை மிளகாய் போட்ட நிலத்தில் கலர் கொடி நட்டு, வெள்ளைக் கல் பதித்து, வளைவு கட்டி, ஐரோப்பிய ராணி பெயர் ஒன்றை வைத்து, பிளாட் பிளாட்டாக விற்றார்கள். பிறகு மைதானத்தைச் சுற்றிச் சுவர் வந்தது. சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சுவர் இறங்கியபோது கார்டன்ஸ். கமிட்டி என்று ஒன்று இருந்ததே, அதில் உன் மாமனாரும் இருந்தாரே, ஒருவராவது குறுக்கே போய்ப் படுத்தாரா? அந்தக் காளைக்கு இருந்த ரோஷம் ஒருவருக்காவது இருந்ததா?

கேட்டேன். நிச்சயதார்த்தத்தன்று எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன். உங்கப்பா பக்கத்தில் நின்று என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தார். தெலுங்கில் சம்பந்தி அம்மாளை வதினகாரு என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். உன் மாமனார் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து, "ஏம் சேஸ்தாம் வதினகாரு, எவரு ராலேது" என்றார். என்ன செய்வது, யாரும் வரவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? "யாரும் வரலையா? நான் வந்தேனே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஐஸ்கிரீம் கரைந்து அவர் சட்டைக் கையில் சொட்டியது. பிறகு, தன் ஒரே பெண்ணின் கல்யாணத்தை அந்த மண்ணில் நடத்திப் பார்க்க வேண்டும், தான் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்த இடம் அது ஒன்றுதான் என்று மெதுவாகச் சொன்னார். "மீரு ராவாலி வதினகாரு." நீங்கள் வரவேண்டும். கோபக்காரர்களைச் சமாளிக்கலாம், கண் கலங்குகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? இது ஒரு வகை ஏமாற்று வேலை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

உங்கப்பா அன்று இரவு முழுக்க, கூட்டம் குறைந்துதான் போயிருந்தது, கடைசி வருஷமெல்லாம் லோன் கொடுக்கிற கடைகளும் பைக் கம்பெனிக் கடைகளும்தான் இருந்தன, மாடு என்று பார்த்தால் ராட்டினத்தில் கட்டிய பிளாஸ்டிக் மாடுதான் என்று எனக்கு விளக்கம் சொன்னார். அவருக்கு ஞாபக மறதி. அந்த வருஷமும் பஜ்ஜிக்கடையில் நிற்க இடமில்லை. நான் காய் கொண்டுபோனேன். வழக்கம்போல ஈர வேட்டி, மூங்கில் கழி, அதே பட்டான்செரு. நான் வளர்த்ததிலேயே நீளமானது, வெயிலில் பிடித்தால் நிழல்கூட ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி விழும். அந்த வருஷமும் எனக்கு இரண்டாம் பரிசுதான். ஒரு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வாளி. நீ காலேஜ் முடிக்கும்வரை அதில்தான் குளித்தாய், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அறிவுரை ஒன்றாவது சொல்லாமல் விட்டால் கடிதம் பூர்த்தியாகாது. சொல்கிறேன். நீயும் ஸ்ரவந்தியும் சேர்ந்து வாழும்போது எதையாவது விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால், விட்டுவிடுகிறோம் என்று சொல்லியே விடுங்கள். சண்டை போட்டு விடுங்கள், அழுது விடுங்கள். இந்த வருஷம் மட்டும், இந்த வாரம் மட்டும் என்று எதையும் விடாதீர்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருக்கும். உதாரணத்துக்கு, இந்த ஞாயிறு மட்டும் அம்மாவைப் பார்க்க வேண்டாம், கச்சிபௌலியிலிருந்து சைனிக்புரி வீட்டுக்கு ரொம்ப தூரம் என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள். இது நான் சும்மா சொன்ன உதாரணம். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்.

சரி, நீ கேட்ட பதில். ஹவ். புக் பண்ணு. ஹைதராபாத்துக்காரர்கள் சரி என்பதற்குச் சொல்கிற ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன், பார்த்தாயா. சபதம்தான் போன ஞாயிறே யாரோ ஒரு பையனுக்காக உடைந்துவிட்டது, என் பையனுக்காக உடையக்கூடாதா? ஆனால் பன்னீர் தெளிக்கிற பெண்ணைத் தாண்டித் திருடி மாதிரி நான் வரமாட்டேன். வாழைமரம் கட்டுகிற அதே வாசலில் என் புடலங்காய் தொங்கும், கல்லோடு. மொட்டைமாடித் தொட்டியில் விதை போட்டுப் பந்தலும் கட்டியாயிற்று, கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, தாராளம். உங்கப்பாவும் நானும் மூங்கில் கழியில் வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வருவோம். உன் ஆபீஸ் நண்பர்கள் பயந்தால் நீ சமாதானம் சொல்லிக்கொள். பந்தியில் அந்தக் குட்டைச் சனியனை வைக்கக் கூடாது. உன் மாமனாரிடம் சொல், வரும்போது அந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரட்டும், பட்டு வேட்டிக்குப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

அவரிடம் இன்னொன்றும் கேட்டுச் சொல். நானே கேட்கலாம், சம்பந்தி அம்மாள் கேட்டால் நன்றாக இருக்காது. அந்தக் கடைசி வருஷம் எனக்கு ஏன் இரண்டாம் பரிசு கொடுத்தார் என்று கேள். அன்றைக்குப் புடலங்காய் வரிசையில் இருந்தது என் காய் ஒன்றுதான்.